பழைய ஏர்பேக் வாங்கலாமா? இடித்த ஈகோவுக்கு உள்ள வழிகள்

முன்பக்கம் இடித்து ஏர்பேக் விரிந்துவிட்ட மாருதி ஈகோவுக்கு எஸ்டிமேட் போடும்போது பம்பர், ரேடியேட்டர், ஹெட்லைட் வரைக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்து டிரைவர் பக்க ஏர்பேக், பக்கத்து சீட் ஏர்பேக், கன்ட்ரோலர் (எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டி), கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா), கிழிந்த டேஷ்போர்டு என்று வரிசையாக வர ஆரம்பித்ததும் பேச்சு மாறிவிடும். பட்டறையில் யாராவது ஒருவர், "எதுக்குண்ணே புதுசு? புதுப்பேட்டையில பாதி விலைக்குக் கிடைக்குமே" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, சென்னையின் அந்தப் பழைய பாக மார்க்கெட்டில் கிடைக்கும்தான். ஆனால் அந்தப் பாதி விலை உண்மையிலேயே லாபமா, வாங்கி வந்தது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா, பொருந்தினாலும் தேவைப்படும்போது விரியுமா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றாவதற்கு எந்தக் கடைக்காரராலும் பதில் சொல்ல முடியாது. விரித்துப் பார்த்தால்தான் தெரியும், விரித்துவிட்டால் அது குப்பை.

ஈகோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019-இல் ஆம்னி நின்றுபோன பிறகு ஸ்கூல் டிரிப், கூரியர், ஆம்புலன்ஸ், கூட்டுக்குடும்பம் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஓடும் சின்ன வேன் பெரும்பாலும் இதுதான். அதோடு, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்துகொண்டு உள்ளே ஏர்பேக் அமைப்பு அடிக்கடி மாறிய வண்டியும் இதுதான். பழைய பாகம் வாங்குகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான்.

எந்த வருஷத்து ஈகோ?

2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கேற்ப ஈகோவுக்கும் 2019-இல் டிரைவர் பக்கம் மட்டும் ஒரு ஏர்பேக் வந்தது. பிறகு முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயமானது. ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. 2021 நவம்பர் கடைசியில் சரக்கு மாடல் தவிர்த்த எல்லா ஈகோவிலும் இரண்டாவது ஏர்பேக்கை மாருதி சேர்த்து, விலையில் 8,000 ரூபாய் ஏற்றியது. அடுத்த வருஷம் 2022 நவம்பரில் புது இன்ஜின், புது மீட்டர், புது ஸ்டீயரிங் வீல் என்று உள்பக்கமே மாறியது. 2025-இல் ஆறு ஏர்பேக் வந்தது.

ஆக, 'ஈகோ ஏர்பேக் இருக்கா?' என்று கடையில் கேட்பது பாதிக் கேள்விதான். 2020 வண்டியின் கன்ட்ரோலருக்கு முன்பக்கம் ஒரு ஏர்பேக்கைத்தான் தெரியும். அதில் 2022 கன்ட்ரோலரைக் கொண்டுபோய் மாட்டினால் அது இரண்டாவதைத் தேடும், காணவில்லை என்று மீட்டரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 2022 நவம்பருக்குப் பிந்தைய ஸ்டீயரிங் ஏர்பேக் பழைய வீலில் உட்காராது. சிலர் வீலையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். வீல் மாட்டும், ஹார்ன்கூட அடிக்கும். ஆனால் கீழே இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கும் கனெக்டரும் கன்ட்ரோலரும் பழைய வண்டியுடையவை. அந்த மூன்றும் புது ஏர்பேக் மாட்யூலோடு (பையும் அதை நிரப்பும் பாகமும் சேர்ந்த தொகுப்பு) ஒத்துப்போகும் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு: "எஸ்-பிரஸ்ஸோது அப்படியே உக்காரும்ணே." உட்காரலாம். மாருதியின் சின்ன வண்டிகளில் ஸ்டீயரிங் ஜாடை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வண்டியும் இடிபடும் விதம் வேறு. ஈகோவில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மூக்கு குட்டை, டிரைவர் நிமிர்ந்து ஸ்டீயரிங்குக்குக் கிட்டத்தில் உட்காருகிறார். பை எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகமாக நிரம்ப வேண்டும் என்பதை அந்த வண்டியை வைத்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். எனவே கண்ணால் பார்த்த ஒற்றுமையை நான் பொருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பார்ட் நம்பர் பேச வேண்டும்.

சுசூகி வண்டிகளில் டிரைவர் ஏர்பேக் மாட்யூலின் நம்பர் 48150 என்றும், கன்ட்ரோலரின் நம்பர் 38910 என்றும் தொடங்கும். அடுத்து வருவதுதான் எந்த மாடல், எந்தப் பதிப்பு என்பதைச் சொல்கிறது. ஏர்பேக் நம்பரின் கடைசியில் ஒட்டிவரும் மூன்று எழுத்துகள் மூடியின் நிறத்துக்கானவை. அது மாறினால் அழகுதான் கெடும், நடுவில் ஒரு எழுத்து மாறினால் அது வேறு பொருள். உங்கள் சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டர் ஸ்பேர் கவுண்டரில் கேட்டு, உங்கள் வண்டிக்குரிய நம்பரையும், அதற்குப் பதிலாக இப்போது வேறு நம்பர் வந்திருக்கிறதா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுசு வாங்கப்போவதில்லை என்றாலும் இந்த வேலையை முதலில் செய்துவிட வேண்டும். கையில் நம்பர் இல்லாமல் பழைய மார்க்கெட்டில் இறங்கினால், கடைக்காரரிடம் எது இருக்கிறதோ அதுவே உங்கள் வண்டிக்குப் பொருத்தமானதாகிவிடும்.

பாதி விலை என்ற கணக்கு

புது ஏர்பேக் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களில் பலர் தப்பான இரண்டு எண்களை வைத்து ஒப்பிடுகிறார்கள். புதுசின் முழு விலை ஒரு பக்கம், பழசின் விலை மறுபக்கம். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால் புதுசின் முழு விலையை நீங்கள் தருவதே இல்லை.

மோட்டார் பாலிசியில் தேய்மானம் கழிக்கும் அட்டவணையில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி இவற்றோடு ஏர்பேக்கையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 50 சதவீதக் கழிவு. வண்டி ஆறு மாதம் ஓடியதா ஆறு வருஷம் ஓடியதா என்ற பேச்சே இல்லை. உயிர் காக்கும் பொருளை பம்பர் கிளிப்போடு ஒரே வரியில் வைத்தது யார் யோசனையோ! சரி, நமக்கு வேண்டியது கணக்கு. சாதாரண பாலிசியில் புது ஏர்பேக்கின் பாதியை கம்பெனி தரும், மீதிப் பாதி உங்களுடையது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' சேர்க்கை போட்டிருந்தால் அந்தப் பாதியும் குறைந்துவிடும்.

இப்போது பழசின் விலையை அந்த உங்கள் பாதியோடு வைத்துப் பாருங்கள். பழசு பாதி விலை என்றால் மிச்சம் சுழி. ஜீரோ டெப் இருந்தால் பழசு வாங்குவது நஷ்டமே. 'புதுசுக்கு கிளைம் போடுவோம், பழசை மாட்டுவோம், மிச்சத்தைப் பிரித்துக்கொள்வோம்' என்று பட்டறையில் யாராவது சொன்னால் அது மோசடி, எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். அடுத்த பிரீமியத்தில் எவ்வளவு கூடும் என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, அந்தத் தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் ஏர்பேக் விரிகிற அளவுக்கு இடித்திருந்தால் மற்ற சேதமும் பெரிதாகத்தான் இருக்கும். போனஸைக் காப்பாற்றக் கைக்காசு போட்டுச் சரிசெய்வது அப்போது அநேகமாகக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது சிக்கல் பெரிது. ரிப்பேர் செலவு பாலிசியில் குறித்திருக்கும் ஐ.டி.வி. மதிப்பில் (வண்டிக்கு இன்சூரன்ஸில் எழுதிய மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். சில வருஷம் ஓடிய ஈகோவின் ஐ.டி.வி. குறைவாக இருக்கும். இரண்டு ஏர்பேக், கன்ட்ரோலர், டேஷ்போர்டு என்று புதுசாக எழுதினால் எஸ்டிமேட் எளிதில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இங்கே சிலர் பதறிப்போய் வண்டியைக் காப்பாற்ற பழைய ஏர்பேக்கைத் தேடுகிறார்கள். எனக்கு அது புரியவில்லை. சேஸிஸ் வரை அடிபட்ட பழைய வண்டிக்கு ஐ.டி.வி. பணம் கையில் வருகிறது என்றால் வாங்கிக்கொண்டு வேறு வண்டி பார்ப்பதும் ஒரு வழிதான். நல்ல வழியும்கூட.

பழைய ஏர்பேக் பற்றி உண்மையாகவே யோசிக்க வேண்டியவர்கள் யார்? தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள், ஏலத்தில் இடித்த வண்டியை வாங்கியவர்கள், பாலிசி காலாவதியான நேரத்தில் இடித்துக்கொண்டவர்கள். முழுச் செலவும் அவர்கள் பாக்கெட்டிலிருந்துதான் போக வேண்டும். இனி எழுதுவது அவர்களுக்காக.

விரியாத ஏர்பேக் கடைக்கு எப்படி வந்தது?

பழைய மார்க்கெட்டில் ஏர்பேக் கேட்பவர்கள் விலையைக் கேட்கிறார்கள், மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. ஏர்பேக் விரியாமல் ஒரு வண்டி எப்படி உடைப்புக்கு வந்தது? இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பின்னாலிருந்து லாரி இடித்த வண்டி என்றால் நல்லது. முன் ஏர்பேக்குக்கு அதில் வேலையில்லை, முன்பகுதி அப்படியே இருக்கும். பக்கவாட்டில் அடிபட்டதும் பரவாயில்லை. முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, ஆனால் ஏர்பேக் விரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். மெதுவாக இடித்திருக்கலாம். அல்லது விரிய வேண்டிய நேரத்தில் அது விரியாமலே போயிருக்கலாம், அதையே நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். தீப்பிடித்த வண்டி கூடவே கூடாது. உள்ளே இருப்பது வெடிமருந்து வகை, சூடு பட்டதை நம்ப முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதான் நம் ஊருக்கான தனிப் பிரச்சினை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பது நமக்குத் தெரியும். முழு நஷ்டமாகி ஏலத்துக்குப் போனவை கடைசியில் பாகம் பாகமாகப் பிரிந்து மார்க்கெட்டுக்கு வந்து சேரும். வெள்ள வண்டியின் ஏர்பேக் பார்க்க அருமையாக இருக்கும். கீறல் இல்லை, இடி இல்லை, கழுவித் துடைத்தால் ஷோரூம் சரக்குதான். ஆனால் கன்ட்ரோலர் பொதுவாக வண்டியில் தாழ்வான இடத்தில், தரையை ஒட்டியே இருக்கும் என்பதால் தண்ணீர் முதலில் அதைத்தான் தொடும். ஸ்டீயரிங் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியதா இல்லையா என்பதைக் கடைக்காரர் வாயால்தான் கேட்க வேண்டும். பின்பக்க உலோகத் தட்டில் துரு, கனெக்டர் பின்களில் பச்சை பூத்தது, திருகு ஓட்டைகளில் காய்ந்த சேறு இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஈரமும் சூடும் ஏர்பேக்கை என்ன செய்யும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் டகாட்டா. அந்த ஜப்பானிய நிறுவனம் பையை வாயுவால் நிரப்பும் இன்ஃப்ளேட்டரில் அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல வருஷ வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது சீர்கெட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே துண்டு துண்டாகச் சிதறடித்தது. கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள், 2017-இல் நிறுவனம் திவாலானது. அதிகம் பாதிக்கப்பட்டவை வெக்கையும் புழுக்கமும் நிறைந்த ஊர்களில் ஓடிய வண்டிகள். அதே வருஷம் லாஸ் வேகாஸில் ஒரு சின்ன மோதலில், ஏர்பேக்கிலிருந்து சிதறிய உலோகத் துண்டு ஒரு இளம்பெண்ணின் கழுத்தைக் கிழித்தது. அவருடைய 2002 ஹோண்டா அக்கார்டில் இருந்தது அந்த வண்டியோடு வந்த ஏர்பேக்கே அல்ல. முந்தைய விபத்துக்குப் பிறகு, உடைப்புக்குப் போன 2001 அக்கார்டிலிருந்து எடுத்து மாட்டியது. திரும்பப் பெற வேண்டிய பட்டியலில் இருந்த பாகம் அது. மாட்டியபோது விளக்கு அணைந்திருக்கும், எல்லோரும் திருப்தியாகக் கைகுலுக்கியிருப்பார்கள்.

ஈகோவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் திரும்பப் பெறுதல் ஈகோவிலும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான ஆல்டோ கே10, எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா என 17,362 வண்டிகளின் ஏர்பேக் கன்ட்ரோலரில் கோளாறு இருக்கலாம் என்று மாருதி அவற்றைத் திரும்பக் கூப்பிட்டது. மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்றும் சொன்னது. சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் உரிமையாளரைக் கூப்பிடுவார்கள். கழற்றி அலமாரியில் வைத்த கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டு எந்தக் கம்பெனியும் வராது. அதனால் பழைய ஏர்பேக் மாட்யூல் வாங்குவதைக்கூடச் சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்வேன், பழைய கன்ட்ரோலரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிபந்தனைகள் என்று பார்த்தால் முதல் நிபந்தனையே பலருக்கு ஒத்துவராது. தனியாகக் கழற்றி வைத்திருக்கும் ஏர்பேக்கை வாங்கக் கூடாது. வண்டியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். "அண்ணே, எந்த வண்டியில இருந்ததுண்ணே? வண்டிய காட்டுங்க, சேஸிஸ் நம்பர எடுத்துக்குறேன்" என்று கேளுங்கள். காட்டினால் பேசலாம். "வண்டியெல்லாம் போயிருச்சு தம்பி, மால் மட்டும்தான்" என்றால் நடையைக் கட்டலாம். சேஸிஸ் நம்பர் கிடைத்தால் தயாரிப்பு மாதம் தெரியும், திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம், திருட்டு வண்டியா என்பதும் ஓரளவு பிடிபடும். ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக்கைக் கழற்ற அதிக நேரம் ஆகாது என்பதால் திருடர்களுக்குப் பிடித்த பாகம் இது. மீரட்டின் சோதிகஞ்ச் போன்ற பெரிய உடைப்பு மார்க்கெட்டே திருட்டு வண்டி விவகாரத்தில் போலீஸ் நடவடிக்கையால் 2021-இல் அடங்கிப்போனது.

2021-இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் நாடு முழுக்க வந்துகொண்டிருக்கின்றன. அங்கே வண்டியின் பின்கதை காகிதத்தில் இருக்கும். புதுப்பேட்டையோடு ஒப்பிட்டால் அலைச்சல் அதிகம், சரக்கு குறைவு. ஏர்பேக்கைக் கழற்றி விற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விற்றால் அந்த அலைச்சல் தகும்.

'புதுசு, ஆனால் விலை குறைவு'

பழசைவிட எனக்கு அதிகப் பயம் இதில்தான். பெட்டியில் பேக் செய்து, ஹாலோகிராம் ஒட்டி, ஷோரூம் விலையில் கால்பங்குக்கு இணையத்திலும் போனிலும் விற்கிறார்கள். 2024 மே மாதம் டெல்லி போலீஸ் ஒரு போலி ஏர்பேக் கும்பலைப் பிடித்தபோது 900-க்கும் மேற்பட்ட ஏர்பேக்குகள் சிக்கின. பதினாறு கம்பெனிகளின் பெயரில் இருந்தன, மாருதி சுசூகியும் அதில் ஒன்று. அதே வருஷம் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. முன்பு இடித்துச் சரிசெய்யப்பட்ட வண்டிகளில் மாட்டியிருந்த மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து, ஒன்பது மாதங்களுக்குள் மூன்று பேர் இறந்தார்கள், இருவர் வாழ்நாள் காயம் அடைந்தார்கள். பிழைத்திருக்க வேண்டிய மோதல்கள் அவை. விரியாத போலி உங்களைக் கைவிடும், அவ்வளவுதான். தப்பாக விரிகிற போலி உங்களையே தாக்கும். பழைய அசலுக்கும் புதிய போலிக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் பழைய அசல்தான்.

அனுப்பும் விதத்தையும் கவனியுங்கள். ஏர்பேக் மாட்யூலைச் சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான சரக்கு என்று தனி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை 'பிளாஸ்டிக் பார்ட்ஸ்' என்று எழுதிச் சாதாரண கூரியரில் போடுகிறேன் என்பவர் வேறு எதையெல்லாம் மாற்றி எழுதியிருப்பாரோ.

விரிந்த ஏர்பேக்கிலேயே புதுப் பையை மடித்து வைத்து, மூடியை ஒட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சில வரிகளுக்கு மேல் இதற்கு இடம் தேவையில்லை. பை வெறும் துணி. அதை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஒருமுறை எரிந்தால் முடிந்தது. அப்படித் திரும்பச் செய்து தந்தது எதுவானாலும் வேண்டாம்.

டேஷ்போர்டிலும் இதே கதை. பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது டேஷ்போர்டு அதற்கென்று வைத்த கோட்டில் கிழிய வேண்டும். கிழிந்ததை ஃபைபர் போட்டு ஒட்டி, மேலே ரெக்சின் போர்த்தினால் பார்க்க அழகாக இருக்கும். அடுத்த முறை கிழியாது, அல்லது துண்டாகப் பறந்து வரும். பழைய டேஷ்போர்டு வாங்கலாம், தப்பில்லை, அதில் மருந்தும் இல்லை மின்சாரமும் இல்லை. ஒட்டாததாக, உங்கள் மாடலுக்குரியதாக இருக்க வேண்டும். சரக்கு ஈகோவின் டேஷ்போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கி வராதீர்கள், பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் கோடே அதில் இருக்காது.

விளக்கை மட்டும் அணைப்பது

கடைசியாக, பலர் வெளியே சொல்லாமல் செய்யும் வழி. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓம் சுமாருக்கு ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால் கன்ட்ரோலர் ஏர்பேக் இருப்பதாக நம்பிக்கொள்ளும். மேலே வெறும் மூடி. விளக்கு எரியாது. செலவு நூறு ரூபாய்கூட வராது. இன்னும் மலிவாக, மீட்டரில் அந்த பல்பையே எடுத்துவிடுவது, அல்லது வேறு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவது.

ஏர்பேக் இல்லாமல் ஓடிய ஆம்னியில் நாமெல்லாம் போயிருக்கிறோம், அதனால் என்ன என்று கேட்கலாம். உங்கள் சொந்த வண்டி, நீங்கள் மட்டும் ஓட்டுகிறீர்கள், காசு சேரும்வரை விளக்கு எரிந்தபடியே ஓட்டுகிறீர்கள் என்றால் அதில் ஒரு நேர்மையாவது இருக்கிறது. ஏறுகிறவர் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். விளக்கை அணைத்துவிட்டால் நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவர், சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர், முன்சீட்டில் உட்காருகிற பிள்ளை யாருக்கும் தெரியாது. அப்புறம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கும் எதிரானது.

செகண்ட்ஹேண்ட் ஈகோ வாங்குபவர்களுக்கு இதே இடத்தில் ஒரு சோதனை. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கன்ட்ரோலர் புதுசாகத்தான் வாங்க வேண்டும். மோதல் பதிவு ஆனதை அழித்துத் தருகிறேன் என்று லேப்டாப்போடு வருகிறவர்கள் உண்டு. அழிக்கவும் முடியும். ஆனால் அழிப்பது நினைவகத்தில் உள்ள பதிவை மட்டுமே. மோதலில் பலகைக்கும் உள்ளிருக்கும் சென்சாருக்கும் ஏதாவது ஆனதா என்பதை அது சொல்லாது. கிளாக் ஸ்பிரிங் புதுசு. ஸ்டீயரிங் வீலுக்கும் அதைத் தாங்கும் தண்டுக்கும் நடுவில் சுருண்டு கிடக்கும் மெல்லிய நாடா அது, விரிந்த சூட்டில் கெட்டிருக்கும், பழசு எத்தனை முறை சுற்றியதோ தெரியாது. உங்கள் மாடலில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரீடென்ஷனர் இருந்தால் அதுவும் புதுசு. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணைதான், பெல்ட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

டிரைவர் ஏர்பேக், பக்கத்து ஏர்பேக் இந்த இரண்டில் மட்டும் பழசுக்கு இடமுண்டு. வண்டியைக் கண்ணால் பார்த்து, நம்பர் முழுதாக ஒத்து, வெள்ளமும் தீயும் இல்லை என்று தெரிந்து, வயதும் நாலைந்து வருஷத்துக்குள் என்றால். இத்தனையும் ஒத்துவந்தாலும், அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் போர்டு வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அந்த வண்டிக்குப் புதுசுதான். முடியவில்லை என்றால் புதுசு வாங்கும்வரை டிரிப்பை நிறுத்துவதுதான் வழி.

வாங்கியதை மாட்டும் வேலையை ஏர்பேக் தெரிந்த எலக்ட்ரீஷியன் அல்லது சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் மஞ்சள் கனெக்டரில் கைவைக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து ஏர்பேக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் மின்சாரமே அதை விரித்துவிடலாம். தூக்கிச் செல்லும்போது மூடிப்பக்கம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், வைக்கும்போது மூடி மேல்பக்கம் இருக்கட்டும். குப்புற வைத்தது விரிந்தால் மாட்யூலே ராக்கெட்டாகக் கிளம்பும். காரின் பின்சீட்டில் மடியில் வைத்து ஊர்போய்ச் சேரும் பழக்கமும் வேண்டாம்.

மாட்டியதும் ஸ்கேனர் போட்டு எந்தக் கோளாறு எண்ணும் நிற்கவில்லை என்று பார்த்து, அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மின்சுற்று சரி என்பதற்கு அது சான்று. உள்ளே இருக்கும் மருந்துக்கு அது சான்றல்ல. முன்பக்கம் இரும்புத் தடுப்பு (புல்கார்டு) மாட்டியிருந்தால் இந்தச் சாக்கில் கழற்றிவிடுங்கள், மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது மாற்றிவிடும்.

பழசு வாங்கிய கடையிலிருந்து ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில்லில் 'ஏர்பேக் – 1' என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. பார்ட் நம்பர், கழற்றிய வண்டியின் சேஸிஸ் நம்பர், கழற்றிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.